யானையின் அடிச்சுவடும் ஆய்வாளரின் குறிப்பேடும்

தில்லி மாநகரிலுள்ள கிட்வாய் நகர், மத்திய அரசு ஊழியர்களுக்கென 1950-களில் அமைந்த குடியிருப்பாகும். 1954-ஆம் ஆண்டில் மறைந்த மத்திய அமைச்சர் ரபி அகமது கிட்வாயின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அதன் கிழக்குப் பகுதியில் இருந்த பழைய வீடுகள் அண்மைக் காலத்தில் அகற்றப்பட்டு, அவ்விடத்தில் பன்மாடிக் கட்டடங்கள் எழுந்துள்ளன. தலைநகரின் இத்தகைய குடியிருப்புகள் பலவற்றில் இன்று அடுப்பெரிக்க உதவுவது குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு. குஜராத் கடற்கரையில் உள்ள ஹஜீராவிலிருந்து புறப்படும் நெடுங்குழாயின் கிளையொன்று தில்லி வரை நீள்கிறது. காலையில் காப்பிக்குப் பால் காய்ச்சுவோர் அடுப்பின் திருகைத் திருப்பியதும் நீலச்சுடர் தோன்றுகிறது. அச்சுடருக்குப் பின்னால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு நிற்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

இந்தியாவில் எண்ணெய் எவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டது என்று பள்ளி மாணவரைக் கேட்டால், பெரும்பாலும் ஒரு யானைக் கதையே விடையாகக் கிடைக்கும். மேல் அஸ்ஸாமின் அடர்ந்த காட்டில் இருப்புப்பாதை அமைத்த காலத்தில், மரம் இழுத்துத் திரும்பிய யானையொன்றின் காலில் எண்ணெய் படிந்திருந்ததாம். அதைக் கண்ட ஆங்கிலேயர் அடிச்சுவட்டைத் தொடர்ந்து சென்று, “தோண்டு, பையா, தோண்டு” என்று தம் மொழியில் கூவினாராம். அதுவே டிக்பாய் என்ற ஊர்ப்பெயர் ஆயிற்றாம். செவிக்கு இனிய கதை. வகுப்பறையில் சோர்ந்திருக்கும் மாணவரை நிமிர்ந்து உட்காரச் செய்யும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஆயினும் அதனையே வரலாறு என்று கற்பிப்பது தவறு. பூமிக்குள் மறைந்துள்ள செல்வம் தற்செயலாகக் கிட்டுவது என்ற எண்ணத்தை அக்கதை இளம் உள்ளங்களில் விதைக்கிறது. உண்மை வேறு. யானைக் கதை நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, அப்பகுதியில் துளையிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆய்வாளர் எழுதி வைத்துவிட்டார். அவர் பெயர் ஹென்றி பெனடிக்ட் மெட்லிகாட்.

மெட்லிகாட் 1829-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் லாக்ரே என்னும் ஊரில் பிறந்தார். டப்ளினில் டிரினிடி கல்லூரியில் பயின்றார். 1854-ஆம் ஆண்டில் இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் சேர்ந்தார். அதே ஆண்டில் ரூர்க்கியிலிருந்த தாமசன் பொறியியற் கல்லூரியில் பூகர்ப்பவியல் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. 1862 வரை அப்பணியில் இருந்தார். ஆசிரியராக இருந்த காலத்திலும் அவர் கள ஆய்வைக் கைவிடவில்லை. ரூர்க்கியிலிருந்து வடக்கே நோக்கினால் தெரியும் சிவாலிக் குன்றுகளும் இமயத்தின் அடிவாரமும் அவருடைய இரண்டாவது வகுப்பறையாயின. கங்கைக்கும் ராவிக்கும் இடைப்பட்ட அடிவார மலைகளைப் பற்றி அவர் எழுதிய விரிவான நூல் 1864-ஆம் ஆண்டில் இலாகாவின் வெளியீடாக வந்தது.

மறு ஆண்டில், அஸ்ஸாமின் நிலக்கரியைப் பார்வையிட அவர் அனுப்பப்பட்டார். சென்றது நிலக்கரிக்காக, தங்கியது குறுகிய காலமே. ஆயினும் மாக்கும் பகுதியில் நிலத்திலிருந்து ஊறி வந்த எண்ணெய்க் கசிவுகளை அவர் பொருட்படுத்தாமல் கடந்து செல்லவில்லை. அவற்றைக் குறித்துக்கொண்டு, அங்கே துளையிட்டுச் சோதிப்பது தகும் என்று பரிந்துரைத்தார். அக்கசிவுகளை முதன்முதல் கண்டவர் அவர் என்று சொல்வதற்கில்லை. அந்நிலத்தில் வாழ்ந்த மக்கள் அவற்றை அறிந்திருந்தனர். 1825-ஆம் ஆண்டிலேயே லெப்டினன்ட் வில்காக்ஸ் என்னும் படை அதிகாரி திஹிங் ஆற்றங்கரையில் எண்ணெய் ஊறுவதைக் குறித்துள்ளார். மெட்லிகாட் செய்தது வேறொன்று. கண்ட செய்தியைப் பாறைகளின் அமைப்போடு இணைத்து, பிறர் பின்பற்றத்தக்க பரிந்துரையாக அச்சில் பதித்தார். காட்சி அறிவாக மாறுவது அந்த இடத்திலேதான்.

பலன் விரைவில் தெரிந்தது. 1866-ஆம் ஆண்டில் கல்கத்தாவின் மெக்கில்லப் ஸ்டூவர்ட் கம்பெனியைச் சேர்ந்த குட்இனஃப் என்பவர் நஹர்புங் என்னுமிடத்தில் துளையிட்டார். எண்ணெய் கிடைக்கவில்லை. அடுத்து மாக்கும் பகுதியில் துளையிட்டபோது, 1867 மார்ச் 26 அன்று 118 அடி ஆழத்தில் எண்ணெய் வெளிப்பட்டது. எனினும் காடும் தொலைவும் வாணிபத்துக்கு இடம் கொடுக்கவில்லை, முயற்சி கைவிடப்பட்டது. இருப்புப்பாதை வந்த பின்னரே மீண்டும் ஊக்கம் பிறந்தது. அஸ்ஸாம் ரயில்வே அண்டு டிரேடிங் கம்பெனி 1889-ஆம் ஆண்டில் டிக்பாயில் துளையிடத் தொடங்கியது. முதற்கிணறு மறு ஆண்டில் 662 அடி ஆழத்தில் முடிவுற்றது. 1899-இல் அஸ்ஸாம் ஆயில் கம்பெனி தோன்றியது. 1901-இல் டிக்பாயில் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது.

இக்காலத்தில் அமெரிக்காவில் நிகழ்ந்தவற்றோடு ஒப்பிட்டால் மெட்லிகாட்டின் பணி மேலும் விளங்கும். பென்சில்வேனியா மாநிலத்தின் டைட்டஸ்வில் என்னும் ஊரில் டிரேக் என்பவர் சுமார் 69 அடி ஆழத்தில் எண்ணெய் கண்டது 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அதன் பின்னர் அங்கே பல்லாண்டுகள் குருட்டுத் துணிச்சலே வழிகாட்டியது. ஓடைக் கரையில் தோண்டுவோரும், கனவில் கண்ட இடத்தில் தோண்டுவோரும் உண்டு. பூகர்ப்பவியலாரின் சொல்லை எண்ணெய்க்காரர் மதிக்கவில்லை. மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த இஸ்ரேல் சார்ல்ஸ் ஒயிட் என்பவரே அந்நிலையை மாற்ற முற்பட்டவர்களில் முதன்மையானவர். பாறையடுக்குகள் கவிழ்த்து வைத்த தோணிபோல் மேல்நோக்கி வளைந்துள்ள இடங்களில் வாயுவும் எண்ணெயும் தேங்கும் என்ற கருத்தை 1885-ஆம் ஆண்டில் அவர் சான்றுகளோடு வெளியிட்டார். நீரைவிட எடை குறைந்தவை ஆதலால், அவை நுண்துளைகள் கொண்ட பாறை வழியே மேலேறி, மேலே மூடியாக அமைந்த களிப்பாறையின் கீழ்ச் சிறைப்படுகின்றன. மறுத்தோர் பலர். 1889-ஆம் ஆண்டில், அஸ்ஸாமில் டிக்பாய்க் கிணறு தோண்டப்பட்ட அதே ஆண்டில், மானிங்டன் என்னுமிடத்தில் அவர் குறித்துக் கொடுத்த நிலத்தில் எண்ணெய் கிடைத்தது.

இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவின் முதல் தலைவரான தாமஸ் ஓல்டாம், 1855-ஆம் ஆண்டிலேயே பர்மாவின் யேனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுகள் அத்தகைய மேல்வளைவின்மீது அமைந்திருப்பதைக் கவனித்தார் என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது. கருத்தின் வித்து இந்த இலாகாவின் குறிப்புகளில் முன்னரே கிடந்தது. அதனை ஒரு விதியாக உருவாக்கிச் சோதித்துக் காட்டிய பெருமை ஒயிட்டுக்கு உரியது.

மெட்லிகாட்டும் ஒயிட்டும் மற்றொரு வகையிலும் இணைகின்றனர். மத்திய இந்தியாவின் நிலக்கரி தாங்கிய பாறைத் தொகுதிக்கு, கோண்டு மக்களின் நாட்டை ஒட்டி, 1872-ஆம் ஆண்டில் ‘கோண்டுவானா’ என்று பெயர் சூட்டியவர் மெட்லிகாட். 1904 முதல் 1906 வரை பிரேசில் அரசுக்காகத் தென் பிரேசிலின் நிலக்கரிப் பாறைகளை ஆராய்ந்த ஒயிட், அவற்றை இந்தியாவின் கோண்டுவானாத் தொகுதியோடும் தென்னாப்பிரிக்காவின் பாறைகளோடும் ஒப்பிட்டார். ரூர்க்கியில் கற்பித்த ஆசிரியர் வைத்த பெயர், மேற்கு வர்ஜீனியாவில் கற்பித்த ஆசிரியருக்குப் பிரேசிலில் பயன்பட்டது. கவனமாக எழுதப்பட்ட சொல் எழுதியவரைவிட நெடுந்தூரம் பயணம் செய்யும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. மெட்லிகாட் 1876 முதல் 1887 வரை இலாகாவின் தலைமைப் பொறுப்பை வகித்தார், 1877-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார், 1879-இல் டபிள்யூ. டி. பிளான்போர்டுடன் இணைந்து இந்தியாவின் பூகர்ப்பவியல் பற்றிய பெருநூலை வெளியிட்டார், 1905-இல் மறைந்தார். எண்ணெயினால் அவர் செல்வம் சேர்த்தவர் அல்லர்.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழக்கூடும். டிக்பாயில் கிணறு தோண்டும் இடத்தை மெட்லிகாட் குறிக்கவில்லை. அங்கு முதலும் துணிவும் இட்டவர்கள் வாணிபத்தாரும் பொறியாளரும் அல்லரோ என்று வினவலாம். வினா நியாயமானதே. முதலீடும், இருப்புப்பாதையும், காட்டுக் காய்ச்சலுக்கு அஞ்சாத தொழிலாளரும் இன்றி எண்ணெய் வெளிப்பட்டிராது. காட்டில் உழைத்த யானைகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் எங்கே முதலிடுவது என்ற எண்ணத்தை எழுப்பியது எழுத்து. நஹர்புங்கில் தோல்வி கண்டவர் மனம் தளராமல் மாக்கும் சென்றதற்கு, அங்கே கசிவு உண்டு என்ற பதிவு துணை நின்றது. தற்செயல் ஒரு வாயிலைத் தட்டலாம். அவ்வாயில் எங்கே இருக்கிறது என்று சொல்வது குறிப்பேடு.

வெற்றியைப் போலவே தோல்வியும் பதிவு செய்யத் தக்கது. மெட்லிகாட் ஆராய்ந்த அடிவாரப் பகுதியில், காங்கிராவின் ஜ்வாலாமுகிக் கோயிலில் பாறை இடுக்கிலிருந்து எழும் வாயு நெடுங்காலமாக எரிந்து வருகிறது. எண்ணெய் இயற்கை எரிவாயு கமிஷன் தன் முதற்கிணற்றை 1957-ஆம் ஆண்டில் அங்கேதான் தொடங்கியது. வாணிப அளவில் பயன் கிட்டவில்லை. மறு ஆண்டிலேயே காம்பே அருகில் லுனேஜில் எண்ணெய் கிடைத்தது. வங்காளத்திலும் இதுபோன்ற படிப்பினை உண்டு. 1953-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஸ்டான்வாக் என்னும் அமெரிக்கக் கம்பெனி இந்திய அரசுடன் கூட்டாக அங்கே தேடியது. தோண்டிய கிணறுகள் வறண்டன; 1960-இல் முயற்சி முடிவுற்றது. ஆயினும் வண்டலுக்கு அடியில் பாறையடுக்குகள் எந்த ஆழத்தில் எவ்வாறு படிந்துள்ளன என்பதை அந்த வறண்ட கிணறுகளே காட்டின. 2018-ஆம் ஆண்டில் அதே வங்காளப் படுகையில் அசோக்நகரில் எண்ணெயும் வாயுவும் கண்டறியப்பட்டன. ‘இங்கு ஒன்றுமில்லை’ என்று எழுதி மூடிவிடுவது பதிவாகாது. எத்தனை அடியில் என்ன பாறை, எங்கே நீர், எங்கே வாயுவின் மணம் என்று எழுதுவதே பதிவு. களப்பணியாளர் தாம் கண்டதை மட்டுமன்றி, தேடியும் காணாததையும் தேதி, இடம், ஆழம், சாய்வு ஆகியவற்றோடு எழுதுதல் வேண்டும்.

தமிழகமும் இதற்கு விலக்கன்று. ஹென்றி பிளான்போர்டு திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களின் கடற்படிவப் பாறைகளை ஆராய்ந்து 1860-களில் வெளியிட்டார். அரியலூரில் இன்று சிமெண்டுக்கு வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் அத்தொகுதியைச் சேர்ந்தது. அப்பாறைகள் கிழக்கே காவிரி வண்டலின் அடியில் ஆழ்ந்து செல்கின்றன. 1960-களில் அங்கே கிணறு தோண்டத் தொடங்கினர். நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது 1985-இல்தான். 2020-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு காவிரிப் படுகை மாவட்டங்களை வேளாண் பாதுகாப்பு மண்டலமாக்கிப் புதிய எண்ணெய்த் தேடலைத் தடுத்தது. தோண்டுவதா, தோண்டாதிருப்பதா என்பது மக்களும் அரசும் முடிவு செய்ய வேண்டியது. எம்முடிவு எடுப்பினும், நன்னீர் எந்த அடுக்கில் உள்ளது, அதன் கீழ் யாது உள்ளது என்ற நேர்மையான பதிவின்றி அம்முடிவு குருட்டு முடிவாகவே அமையும்.

ஆசிரியர்கள் இப்பொருளில் ஆற்றக்கூடிய பணி பெரிது. யானைக் கதையைச் சொல்லலாம். சொன்ன பின், அது ஏன் போதாது என்றும் கேட்க வேண்டும். அரியலூர் வட்டாரப் பள்ளிகளுக்குச் சுண்ணாம்புச் சுரங்கமே பாடநூல். பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில், எம். எஸ். கிருஷ்ணன் 1940-ஆம் ஆண்டில் கண்டறிந்த 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தைக் கண்ட சிறுவன் அதனை மறப்பதில்லை. மலையும் சுரங்கமும் இல்லாத இடங்களிலும் வழியுண்டு. தலைநகரிலுள்ள தமிழ்ப் பள்ளி மாணவர், கிட்வாய் நகர் போன்ற இடங்களில் உயர்ந்த கட்டடத்துக்கு முன் மண்ணைத் துளையிட்டுச் சோதிப்பது ஏன் என்று வினவலாம். கிராமத்தில் கிணறு வெட்டும்போது வெளிவரும் மண்ணின் நிறம் அடிக்கு அடி மாறுவதை ஒரு சிறுமி குறித்து வைத்தால், அவளும் மெட்லிகாட் சென்ற வழியில் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

அஸ்ஸாமுக்கு நிலக்கரி தேடிச் சென்றவர், தமக்கு இட்ட வேலை அதுவன்று என்று எண்ணெய்க் கசிவைப் புறக்கணித்திருந்தால், அவர்மீது எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் எழுதிய சில வரிகள் இரண்டு ஆண்டுகளில் ஒரு கிணறாயின. பின்னர் ஒரு தொழிலின் தொடக்கமாயின. அஸ்ஸாமில் தொடங்கிய தேடலே காம்பேக்கும், 1974-இல் பம்பாய்க் கடலுக்கும் சென்று, இன்று குடியிருப்புகளின் சமையலறையில் சுடராக நிற்கிறது. மாலையில் முகாமுக்குத் திரும்பிய களப்பணியாளர், களைப்பினால் அன்றைய குறிப்பை நாளைக்கு ஒத்திவைக்க நினைக்கும்போது, அச்சுடரை ஒருகணம் நினைத்துக்கொள்வது நலம். நாளை எழுதும் குறிப்பில் பாதி மறந்துபோயிருக்கும்.