இருமல் யாருடைய கற்பனை?

பக்கவிளைவுகளைக் கிராமத்து நோயாளிகளிடம் விவரமாகச் சொல்லக் கூடாது என்று சென்ற இதழில் ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார். சொன்னால் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடுவார்களாம். அதற்கு உதாரணமாக ஜவ்வாது மலையடிவாரத்து ஜனங்களையே இழுத்திருக்கிறார். அந்த அடிவாரத்துச் சந்தவாசலில் குடியிருப்பவன் என்ற முறையில் இந்தப் பதில்.

எங்கள் ஊரில் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறைய. அதுவரை டாக்டர் சொல்வது சரி. ஏன் நிறுத்தினாய் என்று அவர்களில் ஒருவரையாவது கேட்டாரா? கேட்டதற்கான தடயம் கட்டுரையில் எங்கும் இல்லை.

என் தெருவில் ஓர் அக்கா. ரத்தக்கொதிப்புக்கு எனலாப்ரில் எழுதிக் கொடுத்தார்கள். சில வாரங்களில் வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. படுத்தால் அதிகம். இருமல் டானிக், ஆன்டிபயாடிக், எக்ஸ்ரே எல்லாம் ஆயிற்று. பிறகு சளிப் பரிசோதனை, அதுவும் சளியே வராத இருமலுக்கு! டிபியாக இருக்குமோ என்று வீட்டிலேயே அவருக்குத் தனித் தம்ளர் வைத்தார்கள். கடைசியில் வெறுத்துப்போய் எல்லா மாத்திரையையும் தூக்கிப் போட்டார். இருமல் நின்றது. பிரஷர் ஏறியது. இனிமேல் பிரஷர் மாத்திரை என்றாலே ஆகாது என்று சாதிக்கிறார்.

இது அபூர்வமான விபத்து அல்ல. எனலாப்ரில் எந்த நொதியை முடக்குகிறதோ அதே நொதிதான் உடம்பில் பிராடிகைனின் என்ற பொருளையும் சிதைக்கிறது. நொதி முடங்கினால் பிராடிகைனின் சேர்ந்து மூச்சுக்குழாயைக் குறுகுறுக்கச் செய்யும். பத்தில் ஒருவருக்கு வரை இந்த இருமல் வரலாம். பெண்களுக்குக் கூடுதலாக வரும். எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடப் பாடம் இது. மாத்திரையை மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் என்று மாற்று மருந்துகள் இருக்கின்றன. "விடாத இருமல் வந்தால் வந்து சொல்லும்மா, வேற மாத்திரை தர்றேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஒரு வாக்கியம் இல்லாததால்தான் அக்கா மருந்தை விட்டார். பயத்தினால் அல்ல.

டாக்டர் கையில் ஓர் ஆயுதம் வைத்திருக்கிறார். பக்கவிளைவு வரும் என்று எதிர்பார்ப்பவனுக்கு அது வந்துவிடுகிறது என்கிறார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கொழுப்பு மாத்திரையான ஸ்டாட்டினை வைத்து நடந்து, 2020இல் வெளியான ஆய்வைச் சுட்டுகிறார். பக்கவிளைவு தாங்காமல் மருந்தை நிறுத்தியிருந்த 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டினில் பட்ட அவதியில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் இருந்தது. உண்மைதான். ஆனால் அந்த ஆய்வு அதோடு முடியவில்லையே! முடிவை நோயாளிகளிடமே காட்டி விளக்கினார்கள். பாதிப்பேர் திரும்பவும் ஸ்டாட்டின் சாப்பிட ஆரம்பித்தார்கள். மறைத்ததால் அல்ல, எடுத்துச் சொன்னதால். தன் வாதத்தைக் கவிழ்க்கும் பாதியை டாக்டர் லாவகமாக விட்டுவிட்டார்.

லண்டன் வரை போவானேன்? டிபி மருந்து கொடுக்கிறவர்களைக் கேளுங்கள். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதே என்பது மருந்தோடு சேர்ந்து வரும் வார்த்தை. மஞ்சள் காமாலை மாதிரி தெரிந்தாலோ, எத்தாம்பியூட்டால் சாப்பிடும்போது பார்வை மங்கினாலோ உடனே வா என்பதும் அப்படித்தான். டாக்டரின் தர்க்கப்படி பார்த்தால் இதைக் கேட்டவன் தலைதெறிக்க ஓடியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டிருந்தால்தான், சிவந்த சிறுநீரைப் பார்த்த அன்றே ஓடியிருப்பான்.

சொல்லாமல் விட்ட இடம் காலியாகவும் இருப்பதில்லை. பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிற சிலருக்குக் கணுக்கால் வீங்கும். யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்காவிட்டால் டீக்கடை சொல்லிவிடும்: "இங்கிலீஷ் மாத்திரை கிட்னியைத் தின்னுடுச்சு." அடுத்த வாரம் அவர் கையில் பேரில்லாத சூரணப் பொட்டலம். அந்தப் பொட்டல வியாபாரிக்கு இலவச விளம்பரம் செய்வது டாக்டரின் மௌனம்தான்.

ஆடி வெள்ளிக்கு எங்கள் ஊர் வழியாகப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற கூட்டத்தை அவர் பார்க்க வேண்டும். காலையில் சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு விரதம் இருக்கிற பெண்கள் அதில் உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் ஆபத்து குறைவு. கிளிமிபிரைடோ கிளிபென்கிளமைடோ என்றால், சாப்பிடாத உடம்பில் சர்க்கரை சரசரவென்று இறங்கும். வியர்க்கும், உடம்பு நடுங்கும், பேச்சு குழறும். அந்தக் கூட்டத்தில் அது சாமி வந்தது போலவே தெரியும். ஒரு கை சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில் தலையில் வேப்பிலை வைப்பார்கள். பயமுறுத்தக் கூடாது என்று இந்தப் பெண்ணிடமும் சொல்லாமல் இருக்கச் சொல்கிறாரா டாக்டர்?

வெளிநோயாளி வரிசை நீளம், விளக்க நேரமில்லை என்று அவர் எழுதியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். அது நேர்மையான குறை. நேரமின்மையை நோயாளிக்குச் செய்யும் கருணையாக வேஷம் கட்டியதைத்தான் சகிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஒப்பிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு ஓடி வர வேண்டும், அவ்வளவுதான் வேண்டும். மெட்ஃபார்மினால் வரும் வயிற்றுப்போக்கைச் சாப்பாட்டோடு சாப்பிட்டுச் சில வாரம் பொறுக்கலாம். எனலாப்ரிலில் உதடோ நாக்கோ வீங்கினால் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது. பிரஷர் மாத்திரையான அட்டெனலாலைத் தானாகத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி வரை போகலாம். இதெல்லாம் புரியாத ஜனமா நாங்கள்? எந்த உரத்துக்குப் பயிர் கருகும் என்று கடைக்காரனை நிறுத்திவைத்துக் கேட்கிறவர்கள்.

நோயாளி சொல்வது அறிவியல் ஆகாது என்றும் ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். அரசாங்கம் அப்படி நினைக்கவில்லை. 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் நோயாளிகளிடமிருந்தே நேரடியாகப் புகார் வாங்குகிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதை நடத்துகிறது. கட்டணமில்லாத எண் 1800-180-3024. நோயாளிக்கான படிவம் தமிழிலும் உண்டு. என்ன மாத்திரை, எப்போது ஆரம்பித்தது, என்ன ஆயிற்று என்று எழுதினால் போதும். அக்காவுக்கு அதை நான் நிரப்பிக் கொடுத்தேன். டாக்டர்களுக்குத் தனிப் படிவம் இருக்கிறது. அதை அவர் கடைசியாக எப்போது நிரப்பினார் என்று அடுத்த கட்டுரையில் எழுதட்டும்.