சகரத்தைச் சாகடிக்காதீர்கள்

நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகள் வீட்டிலேயே பாடிப் பதிவு செய்து அனுப்பும் வழக்கம் வந்திருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் இம்முறை வந்த பாட்டொன்றைக் கேட்ட பெரியவர் ஒருவர், "பாம்பு சீறுகிற மாதிரி இருக்கிறதே! மும்பையில் பிறந்த குழந்தை, நாக்கில் தமிழ் எங்கே வரும்?" என்று பாடிய பெண்ணின் காதுபடவே சொல்லிவிட்டார். அவளுக்கு வயது 12. என் பக்கத்து வீட்டுப் பெண். அன்றிலிருந்து பாடக் கூப்பிட்டால் வருவதில்லை.

அந்தப் பதிவை நான் பலமுறை கேட்டேன். சீறல் இருந்தது உண்மை. ஆனால் அது அவள் நாக்கின் குற்றமல்ல.

'ச', 'ஸ' ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையில் இருக்கிறது. குழந்தைக் குரலில் இன்னும் சற்று மேலே. மலிவு விலைக் கண்டென்சர் மைக்குகள் பல, 'பளிச்' என்று கேட்பதற்காக ஏறத்தாழ இதே பகுதியைத்தான் தூக்கிக் கொடுக்கின்றன. மாட்டுங்காவானாலும் செம்பூரானாலும் நம் வீடுகளில் டைல்ஸ் தரை, வெறும் சுவர், இரும்பு பீரோ. சீறல் போய் மோதித் திரும்பி வருகிறது. போதாக்குறைக்கு, குரல் சீராக இருக்கட்டும் என்று கம்ப்ரஸரைப் போடுகிறோம். அது ஓங்கி ஒலிக்கும் உயிரெழுத்துகளை அமுக்க, சகரம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதன் மேல் எக்கோ வேறு!

பெரியவர் சொன்னதைக் கேட்டுப் பதறிய தகப்பனார், கம்ப்யூட்டரில் டி-எஸ்ஸரை முழு மூச்சாகத் திருகிவிட்டார். குரலில் சீறல் வரும் கணத்தில் மட்டும் அந்த உயர் ஒலிகளைக் குறைக்க வேண்டிய கருவி அது. அளவு மீறினால் நாக்கையே அறுத்துவிடும். 'சொல்' என்று அவள் பாடியது 'தொல்' ஆயிற்று. 'சந்தனம்' கிட்டத்தட்ட 'தந்தனம்'! முதலில் இல்லாத மழலை இப்போது வந்துவிட்டது. இதற்குச் சீறலே தேவலை என்பது என் கட்சி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சகரம் நடுநாக்கு நடு அண்ணத்தைத் தொடுவதால் பிறப்பது என்கிறது தொல்காப்பியம். நம்மில் பெரும்பாலோர் சொல்லின் முதலில் வரும் சகரத்தைத் தொடாமலே, காற்றைச் சீறவிட்டுத்தான் உச்சரிக்கிறோம். அந்தக் கணக்குப் பார்த்தால் குறை சொன்ன பெரியவரும் தேறமாட்டார், நானும் தேறமாட்டேன்.

வைத்தியத்தை மைக்கிலிருந்து தொடங்க வேண்டும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வாய்க்கு நேரே வேண்டாம். சற்றுப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் பாதித் தொல்லை தீரும். முன்னால் மாட்டும் வலை பகரத்தின் காற்றைத் தடுக்கும், சகரத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை. பின்னால் ஒரு கம்பளியைத் தொங்கவிடுங்கள்.

அதன் பிறகும் உறுத்தினால், உறுத்துகிற சகரத்தை மட்டும் தேடிப் பிடித்து, கையாலேயே 3 முதல் 6 டெசிபெல் குறையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியிலேயே இதைச் செய்யலாம். கருவி ஒரு நொடியில் செய்வதற்கு இத்தனை மெனக்கெட வேண்டுமா என்பார்கள். ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். டி-எஸ்ஸர் போட்டே ஆகவேண்டுமென்றால் எக்கோவுக்கு முன்னால், மெல்லப் போடுங்கள். இன்னொருவரை அழைத்து, 'என்ன வார்த்தை பாடினாள்?' என்று கேட்டுப் பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மைக்கும் கம்பளியுமாக அவர்கள் வீட்டுக்குப் போனேன். "வேண்டாம் மாமா" என்று உள்ளே போய்விட்டாள். இந்த ஞாயிறு மறுபடி போகிறேன். அந்தப் பெரியவரும் கூட வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.