‘பாஸிடிவ்’ என்றால் பீதி எதற்கு?

அமெரிக்காவில் இருக்கும் அக்கா டெலிபோனில் கூப்பிட்டு, “குடல் புற்றுநோய்ப் பரிசோதனையில் ‘பாஸிடிவ்’ என்று வந்துவிட்டதடி” என்று குரல் நடுங்கச் சொன்னால், நீங்களும் சேர்ந்து கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிடாதீர்கள். “எந்தப் பரிசோதனை அக்கா? வீட்டிலேயே மலத்தை எடுத்துப் பெட்டியில் வைத்து அனுப்பினாயே, அதுவா?” என்று முதலில் கேளுங்கள்.

அந்த நாட்டில் 45 வயதானவர்களுக்கு டாக்டர்கள் இதை எழுதிக் கொடுப்பதுண்டு. 2014-ல் சர்க்கார் அனுமதி பெற்ற ‘கோலோகார்ட்’ அந்த வகைதான். பட்டினி வேண்டாம், பேதி மருந்து வேண்டாம். (பேசக் கூச்சமான விஷயந்தான். ஆனால் கூச்சப்பட்டே நோயை முற்றவிடுகிறவர்கள் எத்தனை பேர்!) குடலின் உட்புறத்திலிருந்து உயிரணுக்கள் தினமும் உதிர்கின்றன. கெட்டுப்போனவை இருந்தால் அவற்றின் டி.என்.ஏ. மலத்தோடு வந்துவிடும். அதையும், கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் தேடுகிறார்கள்.

‘பாஸிடிவ்’ என்றால் ‘உள்ளே பார்த்துவிட வேண்டும்’ என்று அர்த்தம், அவ்வளவுதான். 2014-ல் வெளியான ஆராய்ச்சியில் சுமார் 10,000 பேருக்கு இந்தப் பரிசோதனையும் செய்து, குடலுக்குள் குழாய் விட்டும் பார்த்தார்கள். ஏறக்குறைய 1,600 பேருக்குப் பாஸிடிவ். அவர்களில் புற்றுநோய் இருந்தது 60 பேருக்கு. இன்னும் 320 பேருக்கு, பின்னால் புற்றாக மாறக்கூடிய கட்டிகள். மற்றவர்களுக்குச் சின்னஞ்சிறு கட்டி, அல்லது ஒன்றுமே இல்லை!

அதற்காக அக்காவைச் சும்மா இருக்க விடாதீர்கள். “இன்னொரு தடவை பெட்டியில் அனுப்பிப் பார்க்கிறேன்” என்பாள். கூடவே கூடாது. குழாய் விட்டுப் பார்க்கும் ‘கொலனாஸ்கோபி’தான் அடுத்த படி. கட்டி தென்பட்டால், பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள்.

‘நெகடிவ்’ வந்தவர்களும் ஒரேயடியாக நிம்மதி கொள்வதற்கில்லை. அதே ஆராய்ச்சியில் 65 புற்றுநோய்களில் 5 தப்பிவிட்டன. புற்றாகக்கூடிய கட்டிகளிலோ பாதிக்குமேல் தப்பின. ஆகவேதான் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறார்கள். இடையில் மலத்தில் ரத்தம் கண்டால், பழைய ‘நெகடிவ்’ காகிதத்தை நம்பி உட்காராமல் டாக்டரிடம் போக வேண்டும்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்திருந்தால் பெட்டிப் பரிசோதனை ஏற்றதல்ல; நேரே கொலனாஸ்கோபிதான். இதை அக்கா தன் டாக்டரிடம் சொன்னாளா என்று கேளுங்கள். ஒருவேளை அவளுக்குப் புற்று என்றே தெரியவந்தால், சொந்தத் தங்கையான நீங்களும் உங்கள் டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.