உள்ளமில் பொறிக்கு உரையுண்டோ?

கணிப்பொறி பேசுகின்றதாம், ஆகலின் அதற்கும் மொழி வாய்த்துவிட்டதாம். கற்றார் எனப்படுவோரே இவ்வாறு முழங்குகின்றனர்! மொழியை வெறும் எழுத்தடுக்காக எண்ணியிருப்பார்க்கன்றிப் பிறர்க்கு இம்மயக்கம் தோன்றாது.

இஃது இன்று நேற்றுத் தோன்றிய மயக்கமுமன்று. 1966-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் சோசப்பு வெய்சன்பாம் என்பார் 'எலிசா' என்னும் உரையாடல் நிரலை வெளியிட்டார். அது செய்ததென்ன? எதிரிலிருப்பார் தட்டெழுதிய தொடரில் 'தாய்' போலும் சில சொற்களைத் தேடும். 'என்' என்பதை 'உங்கள்' என மாற்றும். அத்தொடரையே வினாவாக்கித் திருப்பிவிடும். தேடிய சொல் கிட்டாவிடின், 'மேலே சொல்லுங்கள்' என்னும். அவ்வளவே. தாய் இன்னாளென அறியாத பொறி, தாயைப் பற்றி வினவியது!

அந்நிரல் உருவானதைப் பல திங்கள் அருகிருந்து கண்ட அவர்தம் செயலாளரே, அதனோடு உரையாடத் தொடங்கியதும் அவரை அறையைவிட்டு வெளியேறுமாறு வேண்டினார். உளமருத்துவர் சிலரோ நோயாளரையே இத்தகு நிரலிடம் ஒப்படைக்கலாம் என்றெழுதினர். வெய்சன்பாம் வெகுண்டார், 1976-இல் நூலெழுதி எதிர்த்தார். இட்லரின் செருமனியினின்று 1936-இல் தப்பிய யூதக் குடும்பத்தவர் அவர். மாந்தரைப் பொறியாக எண்ணுவதன் முடிவை அவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

'அது பழங்கதை, இற்றைப் பொறிகள் அளவிறந்த நூல்களைக் கற்றவை' என்பர். ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வரத்தகும் என அவை கணிக்கின்றன. அக்கணிப்பின் திறம் பெரிதே, யாம் மறுக்கவில்லை. 'பசி' என்னும் சொல் எச்சொற்களோடு வருமென நம்மினும் விரிவாக அவை உரைக்கும். பசித்தறியா!

உயிர்களை அறிவால் வகுத்த தொல்காப்பியர், நாவினால் அறிதலை இரண்டாம் அறிவிலேயே நந்துக்கும் கொடுத்துவிட்டார். மாந்தர்க்கென அவர் வைத்த ஆறாம் அறிவு மனமே.

சொல் சொன்னவனைக் கட்டும். 'வருவேன்' என்றவன் வரக் கடமைப்பட்டவன், வாராவிடின் நாணுவான். பொறி 'வருந்துகின்றேன்' என்கின்றதே, வருந்துவார் யார்? பொய்யுரைத்தது பொறியெனின் நாணுவார் யார்? அதை விற்றவரோ, 'பொறி சொன்னது. யாம் என் செய்வோம்?' என ஒதுங்கி நிற்கின்றார். அவரை ஒதுங்கவிடலாகாது. பொறி எழுதிய மடலோ மருந்துக் குறிப்போ நம் கைக்கு வருமாயின், அதற்குப் பொறுப்பேற்கும் மாந்தர் பெயர் எங்கேயென முதலில் கேளுங்கள். பெயரில்லையேல் வாங்க மறுத்துவிடுங்கள்.