சோடா நீரின் பொருளும் பயனும்

மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் மணக்கும் பண்டகசாலைத் தெருக்களில், சுமை இறக்கிய தொழிலாளர் நண்பகலில் நாடுவது உப்பிட்ட எலுமிச்சைச் சோடாவையே. இப்பானத்தின் பெயரே பலரை மயக்குகிறது. இதில் சோடா உப்பு இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. முற்காலத்தில் அவ்வுப்பைச் சேர்த்து வந்தமையால் பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் இது அழுத்தத்தின்கீழ்க் கரியமிலவாயுவைக் கரைத்த தண்ணீரேயாகும்.

1767ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு பீர் வடிசாலையின் அருகே வாழ்ந்த ஜோசப் பிரீஸ்ட்லி, புளிக்கும் தொட்டிகளின்மேல் தேங்கிய வாயுவை நீரிற் கரைத்துப் பருகினார். 1772இல் அம்முறையை நூலாக வெளியிட்டார். அழுத்தம் மிகுந்தால் வாயு மிகுதியாகக் கரையும், சூடேறினால் வெளியேறும். குளிர்ந்த சோடா நாவிற் சுரீரென்பதும் வெயிலில் வைத்தது சப்பென்றாவதும் இதனாலேயே. ஹைரம் காட் என்பவர் 1872இல் காப்புரிமை பெற்ற கோலிக்குப்பியில், அவ்வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி வாயை அடைக்கிறது. பஜ்ஜி மாவிற் சோடா ஊற்றும் இல்லத்தரசியரும் இவ்வாயுக் குமிழிகளையே நம்புகின்றனர். நுரை போன சோடா அதற்கு உதவாது.

ஆயின், நுரைக்கும் நீர் தூய நீரே என்னும் எண்ணம் தவறானது. கரியமிலவாயு நீரைச் சிறிது அமிலமாக்கிச் சில கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பது மெய். கெட்ட நீரை நல்ல நீராக்கும் ஆற்றல் அதற்கில்லை. வயிற்றுப்போக்குக் கண்டவருக்குச் சோடா கொடுப்பதும் போதாது. இழந்த உப்புகளை அது ஈடு செய்யாது. உப்பும் சர்க்கரையும் உரிய அளவிற் கலந்த கரைசலே அவருக்கு வேண்டுவது.

மேற்குக் கொச்சியில் கிணறுகள் பலவும் உவர்ப்பானவை. குழாய் நீரே கதி. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாழூர் நீரேற்று நிலையத்துப் பம்புகள் பழுதுற்றபோது அப்பகுதி மக்கள் குடிநீரின்றித் தவித்தனர். அத்தகைய நாட்களில் குப்பிக்குள் எந்நீர் புகுகிறது என்று வினவுவது பருகுவோரின் உரிமை. அடைக்கப்பட்ட குடிநீருக்குரிய தரம் சோடாவின் நீருக்கும் வேண்டுமென 2011ஆம் ஆண்டின் உணவுத்தர விதிகள் கூறுகின்றன. சிறு தொழிலாளரை விரட்டுவதால் அத்தரம் வந்துவிடாது. அவருக்கு நல்ல நீர் கிடைக்க வழி செய்தல் முதற்கடமை. பின்னர், கழுத்துக் குறுகிய கோலிக்குப்பியைக் கழுவுவது எளிதன்று ஆதலின், பரிசோதிக்க வரும் அதிகாரி கடையின் பெயர்ப்பலகைக்கு முன்பாகக் குப்பி கழுவும் தொட்டியைப் பார்வையிடுதல் நன்று.