இடம் மாறிய சீப்பு ஜெல்லி



மத்தாப்பின் சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம் உப்பு, நீலத்துக்குச் செம்பு உப்பு. இது சிவகாசிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். மருந்தும் நெருப்பும் இல்லாமலே வானவில் காட்டும் ஓர் உயிரைத் தெரியுமா? அதுதான் சீப்பு ஜெல்லி.

நம் விருதுநகர் மாவட்டத்தில் கடல் இல்லை. ஆனால், பக்கத்து மாவட்டங்களான ராமநாதபுரம், தூத்துக்குடியை ஒட்டிய மன்னார் வளைகுடாவில் இது வாழ்கிறது. ஒரு வகை நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். கண்ணாடி போன்ற உடல், பெரும்பகுதி தண்ணீர். எலும்பு, இதயம், மூளை எதுவும் கிடையாது. உடலில் எட்டு வரிசைகளில் சீப்பின் பற்களைப் போல நுண்ணிய இழைகள் உள்ளன. அவற்றைத் துடுப்புப் போல அசைத்து நீந்துகிறது. அப்போது இழைகளில் பட்டுப் பிரியும் ஒளிதான், சி.டி. தட்டின் பின்புறம் போல, பல வண்ணங்களில் மின்னுகிறது.

ஜெல்லி மீனைப் போல இது கொட்டாது. பசையுள்ள இரண்டு நீண்ட இழைகளை விரித்து, கடலில் மிதக்கும் சிற்றுயிர்களையும் மீன் குஞ்சுகளையும் பிடித்து உண்ணும்.

இவ்வளவு சாதுவான இனம் ஒரு கடலையே கலக்கிய கதை உண்டு. சரக்குக் கப்பல்கள் நிலையாக மிதப்பதற்காக அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். அந்த நீரோடு, 1980-களில் அமெரிக்கக் கரையோரச் சீப்பு ஜெல்லி ஒன்று கருங்கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதைத் தின்னும் எதிரி இல்லை. பல்கிப் பெருகி, மீன்களின் இரையையும் முட்டைகளையும் தின்றது. ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருந்த நெத்திலி வெகுவாகக் குறைந்தது. மீனவர்களின் பிழைப்பு கெட்டது. 1997-இல் இதையே தின்னும் வேறொரு சீப்பு ஜெல்லி அங்கே வந்த பிறகுதான் நிலைமை தேறியது. கப்பல்கள் அந்த நீரை அப்படியே கொட்டுவதைத் தடுக்கும் உலக உடன்படிக்கை 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

குற்றம் அந்தச் சிற்றுயிருடையதா? இல்லை. அதற்குப் பசித்தது, தின்றது. இடம் மாற்றியவன் மனிதன். வெட்டவெளியில் அழகாகப் பூக்கும் புஸ்வாணத்தை வீட்டுக்குள் கொளுத்தலாமா?

நாமும் ஒன்று செய்யலாம். தொட்டியில் வளர்க்கும் மீன் அலுத்துவிட்டால், அதைக் கண்மாயிலோ கிணற்றிலோ விடாதீர்கள். இரக்கப்பட்டுச் செய்வது அங்குள்ள கெண்டைக்கும் விராலுக்கும் வினையாகலாம். மீன் வளர்க்கும் நண்பனிடம் கொடுங்கள்.

எந்த உயிரும் அதனதன் இடத்தில்தான் அழகு!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்