நகலால் ஆவது என்ன?

ஒருவரை இன்னார் என்று உறுதிசெய்ய அவருடைய ஆதார் நகலை வாங்கிக் கோப்பில் சேர்த்தால் போதும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் வேரோடிக் கிடக்கிறது. சேத்தியாத்தோப்பில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை கொண்டுவரும் விவசாயியிடம் சிட்டா, அடங்கல், பாஸ்புக்கோடு ஆதார் ஜெராக்ஸும் கேட்கப்படுகிறது. சிதம்பரத்துக்குத் தரிசனத்துக்கு வந்து லாட்ஜில் அறை எடுப்பவரும் அதையே நீட்டுகிறார். இணையதளங்களும் அதே பழக்கத்தைத் தொடர்கின்றன. அங்கே ஜெராக்ஸுக்குப் பதில் போட்டோ எடுத்துப் பதிவேற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கை அடியோடு தவறு. நகலைப் பார்த்து யாரும் எதையும் சரிபார்ப்பதில்லை. பெயரையும் படத்தையும் மாற்றி அச்சிட்ட தாளுக்கும் உண்மையான தாளின் ஜெராக்ஸுக்கும் கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. போலி ஆளைத் தடுக்காத அந்தத் தாள், உண்மையான ஆளின் பெயர், பிறந்த தேதி, முகவரி, பன்னிரண்டு இலக்க எண் எல்லாவற்றையும் முன்பின் தெரியாதவர் கையில் சேர்த்துவிடுகிறது. அப்படிச் சேர்ந்தவை எங்கே போய் முடியும் என்பதற்குத் தெலங்கானாவில் 2018இல் வெளிப்பட்ட மோசடி சாட்சி. பதிவுத்துறை இணையதளத்தில் கிடந்த சொத்துப் பத்திரங்களிலிருந்து கைரேகைகளை எடுத்து, ரப்பரில் அச்சாக்கி, பிறர் பெயரில் ஆயிரக்கணக்கான சிம் கார்டுகள் இயக்கப்பட்டன. பத்திரம் பதிந்தவர்கள் செய்த பிழை எதுவுமில்லை. கேட்ட இடத்தில் கேட்டதைக் கொடுத்தார்கள்.

“மறைக்க ஒன்றுமில்லாதவருக்கு என்ன பயம்” என்பது இந்த நம்பிக்கைக்கு முட்டுக்கொடுக்கும் வாதம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமித்துத் தீர்ப்பளித்தது. தப்பு செய்தவருக்கு மட்டும் உரிய சலுகையாக அது தரப்படவில்லை. அடுத்த ஆண்டு வந்த ஆதார் தீர்ப்பு, தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கோர வழிவிட்ட 57ஆம் பிரிவின் பகுதியை நீக்கியது. நலத்திட்டங்களுக்கு ஆதாரைக் கேட்க 7ஆம் பிரிவு அரசுக்கு இடம் தருகிறது என்பது உண்மை. லாட்ஜுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. 2019இல் வந்த சட்டத் திருத்தம் இன்னும் தெளிவானது: ஆஃப்லைன் முறையில் சரிபார்க்கும் எந்த நிறுவனமும் ஆதார் எண்ணைச் சேகரிக்கவோ சேமித்து வைக்கவோ கூடாது.

அந்த ஆஃப்லைன் முறைக்கான கருவி பல வீடுகளின் பீரோவில் ஏற்கெனவே இருக்கிறது. ஆதார் தாளில் உள்ள பாதுகாப்பான கியூஆர் கட்டத்துக்குள் பெயர், முகவரி, புகைப்படம், எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகியவை ஆதார் வழங்கும் ஆணையத்தின் மின்கையொப்பத்தோடு அடங்கியிருக்கின்றன. அதை ஸ்கேன் செய்தால் கையொப்பம் உண்மையா என்று அந்த இடத்திலேயே தெரியும். ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் குட்டு வெளிப்படும். யார் எங்கே காட்டினார் என்ற தகவல் ஆணையத்துக்கும் போவதில்லை. “கிராமத்து ஆளுக்கு இதெல்லாம் புரியாது” என்ற சாக்கு இங்கே உடைகிறது. கரும்பு வெட்டிவிட்டு வருபவர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை, ஸ்மார்ட்போன்கூட வேண்டாம். ஸ்கேன் செய்ய வேண்டியவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர். அந்த வேலையைச் செய்யாமல் பழியைப் படிக்காதவர் மேல் போடுவது அநியாயம்.

இணையப் பயன்பாடுகளில் இதே தத்துவம் ஒரு படி மேலே போகிறது. சான்றை வழங்குபவர், வைத்திருப்பவர், சரிபார்ப்பவர் என மூவரைப் பிரித்து, எந்தத் தகவலை யாருக்குக் காட்டுவது என்ற முடிவை நடுவில் இருப்பவரிடமே விடுகிறது. வயது பதினெட்டைத் தாண்டிவிட்டதா என்று கேட்கும் தளத்துக்கு ஆம் என்ற பதில் மட்டும் போகும். பிறந்த தேதி போகாது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இதற்கான தரத்தை 2019இல் வெளியிட்டது. பூடான் 2023இல் தன் தேசிய மின்னடையாளத்தையே இந்த அடிப்படையில் தொடங்கியது. தமிழ்நாடு மின்னாளுமை முகமையும் ‘நம்பிக்கை இணையம்’ என்ற பிளாக்செயின் கட்டமைப்பின் மேல் ‘இ-பெட்டகம்’ செயலியை உருவாக்கி, வருவாய்த்துறைச் சான்றிதழ் போன்றவற்றை உரியவரின் கைபேசிக்குக் கொண்டுவந்திருக்கிறது.

இந்த வழியில் முன்பு தோற்றவர்களும் உண்டு. விண்டோஸ் விஸ்டாவோடு வந்த ‘கார்ட்ஸ்பேஸ்’, பயனர் தன் தகவலைத் தானே தேர்ந்து அனுப்பும் ஏற்பாடாக இருந்தது. அதை ஏற்கும் தளங்கள் போதிய அளவில் சேரவில்லை. 2011இல் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது. பயனர்களின் அறியாமை என்று இதற்குக் காரணம் சொல்வது வசதியான பேச்சு. தேவைக்கு மேல் தகவல் வாங்கிப் பழகிய தளத்துக்குக் குறைவாக வாங்குவதில் லாபமில்லை என்பதே நெருங்கிய காரணம்.

மெய்யான சிக்கல்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. கைபேசி தொலைந்தால் சான்றுகளை மீட்கும் வழி எளிதாக இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஒரே போன் இருக்கும் வீட்டில் கொடுத்த சம்மதம் யாருடையது என்பது குழம்பும். வளைகுடாவில் வேலை செய்யும் மகனின் எண்ணுக்கு ஓடிபி போகும்போது, ஊரில் இருக்கும் தாயின் கட்டுப்பாடு பெயரளவில்தான் நிற்கிறது. இவற்றுக்குத் தீர்வு, இ-சேவை மையத்தில் உடனிருந்து உதவும் முறையும், தாளிலேயே செயல்படும் கியூஆர் போன்ற மாற்றும். ஜெராக்ஸ் கட்டுக்குத் திரும்புவது தீர்வாகாது.

குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே சம்மதம் செல்லும் என்று 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. லாட்ஜ்களும் சிம் கடைகளும் அலுவலகங்களும் அடுக்கி வைத்திருக்கும் பழைய நகல்களை அழிக்க அந்த அவகாசமே அதிகம்.